காலி சீட்டுக்கு பெல்ட் பீப் அடிக்குது, எங்கே பார்க்கணும்?

கேள்வி:
2021 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வண்டி கிளம்பி கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிங் டிங்னு அடிக்குது, போகப் போக சத்தம் வேகமாகுது. என் பெல்ட் போட்டிருக்கேன். பக்கத்து சீட் காலி. மீட்டர்ல சிவப்பு பெல்ட் விளக்கு எரியுது. வேகம் 60 கூட தாண்டல.

பதில் 1:
வேக எச்சரிக்கை இல்லை சார். அது 80 தாண்டினா விட்டுவிட்டும், 120 தாண்டினா விடாமலும் அடிக்கும். உங்களுக்கு விளக்கும் எரியுதே, இது பெல்ட் பீப்தான். ரெண்டுமே 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயம்.

சீட்டுல பை, தண்ணி கேன் இருந்தா எடுத்துடுங்க. ஓட்டிப் பார்க்க வேண்டாம். நின்ன இடத்துலயே இக்னிஷன் போட்டு விளக்கைப் பாருங்க. காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டுங்க. விளக்கு அணைஞ்சா பக்கிள் (பெல்ட்டைச் சொருகற பூட்டு) சரி, சீட்டுக்குள்ள இருக்கற சென்சார் பாய்தான் ஆள் இருக்குன்னு சொல்லுது. அணையலன்னா உங்க சீட் பக்கிளுக்குள்ள இருக்கற சுவிட்ச்ல கோளாறு இருக்கலாம். உள்ளே காசு, பிஸ்கட் தூள் சிக்கியிருக்கான்னு பாருங்க.

கேட்டவர்:
மாட்டினதும் அணைஞ்சுது. போன வாரம் புது சீட் கவர் போட்டேன், அதனால இருக்குமா?

பதில் 2:
அதேதான் அண்ணா. கவரை அடியில இழுத்துக் கட்டினா பஞ்சு அமுங்கி, பாய் எந்நேரமும் அழுத்தத்துலயே இருக்கும். கீழே இருக்கற கொக்கி, நாடாவைக் கழட்டி விளக்கைப் பாருங்க. அணைஞ்சா தளர்த்திக் கட்டினா போதும். அணையலன்னா சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்க. விளக்கு மினுக்கினா ஒயர்ல இழுவை இருக்கு.

மஞ்சள் கனெக்டரைத் தொடாதீங்க, அது ஏர்பேக் லைன். சீட் ஓரத்துல 'ஏர்பேக்'னு சின்ன துணி லேபிள் தைச்சிருந்தா சாதாரண கவரே கூடாது. விரியற பை கவருக்குள்ள மாட்டிக்கும். அந்தப் பக்கம் பிரியற தையல் போட்ட கவர்தான் வேணும்.

பதில் 1:
சத்தத்தை அடக்க பக்கிள்ல சொருகற கிளிப்பை மட்டும் வாங்கிடாதீங்க. நாளைக்கு அந்த சீட்டுல யாராவது பெல்ட் போடாம உட்கார்ந்தாலும் வண்டி எச்சரிக்காது. 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அஞ்சு ஆன்லைன் கடைகள்ல இருந்து அதை நீக்கச் சொல்லி உத்தரவே போட்டுச்சு.

கேட்டவர்:
முன்பக்க நாடா ரெண்டையும் அவிழ்த்தேன், விளக்கு அணைஞ்சிடுச்சு. ஓரத்துல ஏர்பேக் லேபிளும் இருக்கு. கவரையே கழட்டிட்டேன்.