ஆய்வகத் தட்டில் நன்றாக வளரும் குலை நோய்ப் பூஞ்சை இலையில் மட்டும் ஏன் தோற்கிறது?

வயலோரம்:
வணக்கம். வேளாண்மை இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், நெல் குலை நோய் பற்றி செமினார் எடுக்க வேண்டும். பிஎம்கே1 என்ற புரதத்தின் மரபணுவை நீக்கினால் பூஞ்சை ஆய்வகத்தின் ஊட்டத் தட்டில் எப்போதும்போல் வளர்கிறது, வித்தும் விடுகிறது, நெல்லில் மட்டும் நோய் வருவதில்லை என்று படித்தேன். வளர்ச்சியில் குறையே இல்லாதபோது நோய் எப்படி நின்றுபோகும்? இலையில் கீறல் போட்டு வைத்தாலும் வராதாம். கீறினால் உள்ளே போக வழி திறந்துவிட்டதே, அப்புறம் என்ன தடை?

நுண்ணோக்கி:
நல்ல கேள்வி. தட்டில் உணவு தானாகக் கிடைக்கிறது, இலையில் உடைத்துக்கொண்டு போக வேண்டும், அந்த வேலைக்கான உத்தரவுதான் பிஎம்கே1. வித்து பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டி முளைத்ததும், கீழே இருப்பது கடினமான, மெழுகுப் பரப்பு என்பதைச் சவ்விலுள்ள பிடிஎச்11 போன்ற ஏற்பிகள் உணர்கின்றன. அந்தச் செய்தி பிஎம்கே1 வரை போய்ச் சேர்ந்தால்தான் முளைக்குழலின் நுனி உப்பி அப்ரசோரியம் ஆகும். அதற்குள் கிளிசரால் சேர்ந்து சுமார் 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏறுகிறது, கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 40 மடங்கு! அந்த விசையில்தான் அடியிலிருந்து ஓர் ஊசிமுனை இலைத்தோலைத் துளைக்கிறது. பிஎம்கே1 இல்லாத பூஞ்சையில் அப்ரசோரியமே உருவாகாது.

கீறல் விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே போன பிறகும் பிஎம்கே1 தேவை. 2018-இல் வந்த ஆய்வில், பூஞ்சை முதல் செல்லுக்குள் நுழைந்த பின் ஒரு வேதிப்பொருளால் இந்தப் புரதத்தை மட்டும் முடக்கினார்கள், பூஞ்சை அந்தச் செல்லிலேயே சிக்கிக்கொண்டது. செல்களுக்கு இடையே உள்ள நுண்துளைகளில் உடலைச் சுருக்கி நுழைவதும், செடியின் எதிர்ப்பை அடக்கும் சில புரதங்களைச் சுரப்பதும் இதன் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன.

சம்பா72:
இதை வைத்து வளர்ச்சிப் புரதம் வேறு, நோய்ப் புரதம் வேறு என்று செமினாரில் கோடு போட்டுவிடாதீர்கள். பிஎம்கே1 ஒரு கைனேஸ், அதாவது செல்லுக்குள் செய்தி கடத்தும் நொதி. எம்பிஎஸ்1 என்று இன்னொரு கைனேஸ் இருக்கிறது, செல்சுவரைக் காப்பது அதன் வேலை. அதை நீக்கினால் தட்டிலேயே பூஞ்சை மெலிந்துவிடும், வித்தும் குறைந்துவிடும். அப்ரசோரியம் உருவாகும், ஆனால் துளைக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கேட்பவர்களுக்குச் சட்டென்று புரியும். கோவையில் வெளியான கோ 39 ரகத்தையும் விட்டுவிடாதீர்கள், குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் என்பதால் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் அதை வளர்க்கிறார்கள்.

வயலோரம்:
ரொம்ப நன்றி, இப்போது தெளிவாகிறது. அப்படியானால் குலை நோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தும் இதே பாதையைத்தான் தடுக்கிறதா?

நுண்ணோக்கி:
இல்லை, அது கைனேஸைத் தொடுவதில்லை. மெலனின் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. அப்ரசோரியத்தின் சுவரில் மெலனின் இல்லாவிட்டால் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது. அதனால்தான் இந்த மருந்து கலந்த தட்டிலும் பூஞ்சை, நிறம் மட்டும் மாறி, வளர்ந்துகொண்டே இருக்கும்.

சம்பா72:
வயலுக்கு இதுதான் முக்கியம். ஏற்கெனவே கண் வடிவப் புள்ளி விழுந்த இலையை இந்த மருந்து ஆற்றாது, புதிதாக நுழைவதைத்தான் தடுக்கும். மார்கழிப் பனியில் கதிர் வெளிவரும் பயிர் என்றால் கழுத்துக் குலை விழுவதற்கு முன்பே தெளித்தாக வேண்டும், தழைச்சத்தையும் அந்தச் சமயத்தில் அள்ளிப் போடக்கூடாது.