கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அனலிட்டிக்ஸ்: படித்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி, தங்கைக்காகக் கேட்கும் அண்ணன்:

வணக்கம். தங்கை இங்கேயே பி.இ. முடித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். இப்போது அமெரிக்காவில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அனலிட்டிக்ஸ் (தொழில் விவரங்களைக் கணக்குப் போட்டு அலசி முடிவெடுக்க உதவும் படிப்பு) எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு கவலை. "அங்கே போனா சாமியை மாத்திப்புடுவாகளா?" என்று ஆத்தா கேட்கிறார். அப்பச்சிக்குக் கடன்தான் பயம். எனக்கு, அந்தப் படிப்பில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நம்ம பக்கத்திலிருந்து போய்ப் படித்தவர்கள் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பள்ளத்தூர், படித்து முடித்து நான்கு வருடம் ஆனவள்:

தம்பி, ஆத்தாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் முதல் கேள்வி. நான் படித்தது செயின்ட் லூயிஸ் நகரத்தில். ஒன்றரை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் மதம் மாறச் சொல்லிப் பேசியதில்லை. வளாகத்துக்குள்ளேயே கோயில் இருக்கிறது, விருப்பப்பட்டவர்கள் பூசைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, புள்ளியியல் பேராசிரியர் நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வந்தார். கொட்டும் பனியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நிமிடம் குன்றக்குடி மலைப்படி கண்ணில் வந்து போனது. தேவகோட்டைத் தோழிக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது திருநீற்றுப் புதன்டி, எங்க கோயில்லயும் பூசுவாக" என்றாள். அதற்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க நண்பர்கள் கறி தொடவில்லை. அப்பத்தாவிடம் சொன்னபோது, "நம்ம புரட்டாசிச் சனி மாதிரி" என்று சமாதானமாகிவிட்டார்.

சரி, படிப்புக்கு வருகிறேன். பாடங்கள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: புள்ளியியல், எஸ்.க்யூ.எல்., பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழிகள், விவரங்களைப் படமாகக் காட்டும் டேபிளோ மென்பொருள், பழைய விவரத்தை வைத்து இனி நடக்கப்போவதைக் கணிக்கும் மாடல்கள், கடைசியில் ஒரு நிறுவனத்துக்காகச் செய்யும் பிராஜெக்ட். பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் எண்) வரை இருக்கும். இதை மட்டும் பார்த்தால் காரைக்குடியில் உட்கார்ந்து இணையத்திலேயே பாதிக்கு மேல் கற்றுக்கொள்ளலாம். நான் இன்றைக்கும் நன்றியோடு நினைப்பது வேறு இரண்டு வகுப்புகளை.

ஒரு பயிற்சியில் 10,000 பேரின் கடன் விவரம் தந்தார்கள். அதில் 300 பேர் திருப்பிக் கட்டாதவர்கள். யார் கட்ட மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் மாடலைச் செய்ய வேண்டும். என் மாடல் 97 சதவீதம் சரி என்று காட்டியது. ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த 300 பேரில் எத்தனை பேரைப் பிடித்தது?" பார்த்தேன். ஒருவரைக்கூட இல்லை. எல்லாரையும் "கட்டுவார்" என்றே அது சொல்லியிருந்தது. 10,000இல் 300 போக 9,700, அந்த 97 சதவீதம் வந்த வழி அதுதான். அன்றிலிருந்து யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், "எதில் இத்தனை?" என்று கேட்காமல் நான் நகர்வதில்லை.

இரண்டாவது வகுப்பு இன்னும் ஆழமாகத் தைத்தது. கடன் கொடுக்க இனத்தைப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1970களிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் கடன் விவர அட்டவணையில் இனம் என்ற பத்தியை (காலத்தை, அதாவது column-ஐ) நீக்கிவிட்டு வேலை செய்தோம். ஆனால் முகவரியின் பின்கோடு பத்தி இருந்தது. செயின்ட் லூயிஸில் டெல்மார் என்றொரு சாலை. அதற்கு வடக்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், தெற்கே பெரும்பாலும் வெள்ளையர். 1930களில் வீட்டுக்கடனுக்காகப் போட்ட நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை அபாயம் என்று சிவப்பால் குறித்திருந்தார்கள். பின்கோடு எண்ணை வைத்தே எங்கள் மாடல் அந்தப் பழைய எல்லைக்கோட்டைத் திரும்பப் போட்டிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழைய கணக்கிலிருந்து அதுவே கற்றுக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் எங்களை அந்தச் சாலையில் நடத்திக் கூட்டிப்போனார். திரையில் ஒரு வரியாகப் பார்த்ததைக் காலால் கடந்தோம். இயேசு சபைக்காரர்கள் "கூரா பெர்சொனாலிஸ்" என்று ஒரு லத்தீன் சொல்லைச் சொல்வார்கள், ஒவ்வொருவரையும் முழு மனிதராகப் பார்த்துக் கவனிப்பது என்று பொருள். சுவரில் எழுதிவைத்திருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தச் சாலையில்தான் புரிந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் ஐயாவின் பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். ஐயாவின் அப்பா பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாகப் போய், முகவருக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரை உயர்ந்தவர், கணக்கு எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. வரவு, பற்று, வட்டி, கடைசியில் ஐந்தொகை, எல்லாம் தமிழ் எண்களில். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக, "கிணறு வத்திப்போச்சு, தை வரைக்கும் கேக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. மூன்று தவணை கட்டாத ஆள். என் மாடலுக்கு அவர் வெறும் 1, அதாவது கட்டாதவர். ஐயாவுக்குக் கிணறு தெரிந்திருக்கிறது. அந்த ஓரக்குறிப்பை எந்தப் பத்தியில் வைப்பது என்பதைத்தான் நான் வேலையில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்பு இல்லையென்றால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

தங்கையிடம் சொல்லுங்கள்: பிராஜெக்ட் யாருக்காகச் செய்ய வைக்கிறார்கள் என்று கேட்கட்டும். எங்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒரு தொண்டு அமைப்பைக் கொடுத்தார்கள். ஒரே அம்மாவின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததைச் சேர்ப்பதிலேயே இரண்டு வாரம் போனது, வேலையில் எனக்கு அதிகம் கைகொடுப்பதும் அந்த இரண்டு வாரம்தான்.

புதுவயல், இப்போது நியூஜெர்சி:

அண்ணே, பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அரசு வங்கிகளில் கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். எங்களுக்கு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து தெரு வரைக்கும் வீடு இருக்கிறது. வங்கி அதிகாரி வந்து பார்த்தார், ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூண்களையும் மெச்சினார், அப்புறம் பத்திரத்தைக் கேட்டார். பங்காளிகள் பதினான்கு பேர். இரண்டு பேர் மலேசியாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் அந்த வீட்டை வைத்து ஒரு ரூபாய் வாங்க முடியாது. இதை முதல் நாளே சொல்லாமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். விசா நேர்காணல் தள்ளிப்போய், ஆத்தா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் அப்பச்சி பெயரில் தனியாக இருந்த ரைஸ்மில் இடத்தை வைத்துத்தான் வாங்கினோம். ஆகையால் இன்றைக்கே உட்கார்ந்து, யார் பெயரில் தனிப்பத்திரம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்கப் பொதுவாக 12 மாதம் தருவார்கள். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம், மொத்தம் 36. கடனை அடைக்க அந்த இரண்டு வருடம்தான் முதுகெலும்பு. பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில் படிப்புக்கு நேராக ஒரு குறியீட்டு எண் இருக்கும். 30.7102 என்றால் அதுவே பிசினஸ் அனலிட்டிக்ஸுக்கான எண், 2022இல் பட்டியலில் சேர்த்தார்கள். 52.1301 இருந்தாலும் பட்டியலில் உண்டு. வேறு எண் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

தேவகோட்டை, பெங்களூரில் படித்தவன்:

நான் கத்தோலிக்கன், டி பிரிட்டோ பள்ளி மாணவன், ஓரியூர்த் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போகிறவன். ஆத்தாவுக்கு நானும் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். எங்கள் வகுப்பில் கத்தோலிக்கர் கையளவுதான்.

கடன் பெரிதாக இருந்தால் இந்தியாவிலேயே யோசிக்கலாம். பெங்களூரில் கிறைஸ்ட் இருக்கிறது, 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. புவனேஸ்வரில் இயேசு சபையாரின் எக்ஸ்.ஐ.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் 1987 முதல் இருக்கிறது. பெங்களூரில் நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்பதைச் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு குறை சொல்லப்போகிறேன். வருகைப்பதிவில் மிகக் கறார். பாட்டி இறந்து ஊருக்கு வந்த நான்கு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை, தேர்வு எழுதவிட மாட்டோம் என்றார்கள். விடுதிப் பொறுப்பாளராக இருந்த ஃபாதர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி அனுமதி வாங்கித் தந்தார். வீட்டுக்கு அவர் போன் போட்டுப் பேசியதை அம்மா இன்னும் சொல்வார். சேரும் முன்னால் தங்கை அங்கே படிக்கும் இரண்டு பேரிடமாவது பேசட்டும், விளம்பரத்தாளில் இதெல்லாம் இருக்காது.

காரைக்குடி, தங்கைக்காகக் கேட்கும் அண்ணன்:

எல்லாருக்கும் நன்றி. பள்ளத்தூர் அக்கா எழுதியதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன், திருநீறு வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். வீடு எங்களுக்கும் பங்காளி வீடுதான். கோட்டையூரில் ஆயா கொடுத்த மனை ஆத்தா பெயரில் தனியாக இருக்கிறது, அந்தப் பத்திரத்தைத் தேடி எடுத்தாயிற்று. தங்கை ஐ-20இல் 30.7102 இருக்கிறதென்று போட்டோ அனுப்பியிருக்கிறாள். பிராஜெக்ட் யாருக்கு என்று இன்றிரவு மெயில் போடுகிறாள். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.