அப்னியா டெஸ்ட்: கார்பன் டை ஆக்ஸைடு 60-ஐத் தொடாவிட்டால்?

கேள்வி – மயக்கவியல், முதுகலை 2ஆம் ஆண்டு

வணக்கம். மூளைச்சாவை உறுதிசெய்யும் முறை பற்றி ஜூனியர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். அப்னியா டெஸ்ட்டில் (வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியும் நோயாளி தானாக மூச்சு எடுக்கிறாரா என்று பார்ப்பது) இரண்டு சந்தேகம். 8 நிமிடம் கழித்து எடுத்த ஏபிஜியில் (தமனி ரத்த வாயுச் சோதனை) கார்பன் டை ஆக்ஸைடு 52 mmHg-லேயே நின்றால் அடுத்து என்ன? வென்டிலேட்டர் திரை ‘நோயாளி மூச்சு எடுக்கிறார்’ என்று காட்டினால் நம்பலாமா?

பதில் – ஐசியூ டாக்டர்

52 வந்தால் டெஸ்ட் முடியவில்லை என்றுதான் அர்த்தம். மூச்சு இல்லை என்று அதை வைத்து எழுதக் கூடாது.

கோளாறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும். மூளை அழுத்தத்தைக் குறைக்க வேகமாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே வென்டிலேட்டரிலிருந்து கழற்றினால் கார்பன் டை ஆக்ஸைடு 28-இலிருந்து ஏற வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 3 வீதம் 8 நிமிடத்தில் 24; சரியாக 52. அதனால் முதலில் வென்டிலேட்டரின் மூச்சு ரேட்டைக் குறைத்து 35–45-க்குக் கொண்டுவாருங்கள். உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் குறையாமல், சிஸ்டாலிக் (மேல் ரத்த அழுத்தம்) 100-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 10 நிமிடம் 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 200-ஐத் தாண்டியதை ஏபிஜியில் பார்த்த பிறகே கழற்றுங்கள்.

கழற்றியதும் மெல்லிய கதீட்டரை கரைனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) அருகே வைத்து நிமிடத்துக்கு 4–6 லிட்டர் ஆக்ஸிஜன். கதீட்டர் தடிமனாக இருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) வரும். ஃப்ளோவைக் கூட்டினால் கார்பன் டை ஆக்ஸைடு அடித்துக்கொண்டு போய்விடும். ஆக்ஸிஜன் தங்காத நோயாளிக்கு டி-பீஸ் இணைப்பில் சிபாப் (தொடர்ந்த காற்றழுத்தம்) 10 செ.மீ. நீர் அளவு வைத்துச் செய்யலாம்.

நோயாளி நிலையாக இருந்தால் இன்னும் சில நிமிடம் தொடர்ந்து மறுபடி ஏபிஜி எடுங்கள். இலக்கு: 60-ஐத் தொட வேண்டும், தொடக்கத்தைவிட 20 கூடியிருக்க வேண்டும், பிஎச் 7.30-க்குக் கீழே. பிபி விழுந்தாலோ சாச்சுரேஷன் 85-க்குக் கீழே போனாலோ ஏபிஜிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு உடனே வென்டிலேட்டரில் போட்டுவிடுங்கள்.

பதில் – நியூரோ ஐசியூ

திரையை நம்பாதீர்கள். ஃப்ளோ ட்ரிகர் (காற்றோட்டத்தை வைத்து மூச்சை உணரும் அமைப்பு) நுண்மையாக வைத்திருந்தால் இதயத் துடிப்பின் அதிர்வே போதும், இயந்திரம் அதை மூச்சாக எடுத்துக்கொள்ளும். டியூபில் தேங்கிய தண்ணீர், சர்க்யூட் கசிவு, இன்டர்காஸ்டல் டிரெய்ன் (நெஞ்சில் வைத்த வடிகுழாய்) எல்லாமே இதைச் செய்யும். இதனால் அப்னியா டெஸ்ட்டே செய்யாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. முடிவு சொல்ல வேண்டியது கண்தான்: போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் முழுதும் தெரிய, டெஸ்ட் முடியும்வரை ஒருவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பதில் – பொது மருத்துவம்

அப்னியா டெஸ்ட்டுக்கு முன்னால் நிற்கிற கேள்விக்கு வகுப்பில் அதிக நேரம் கொடுங்கள்: இந்த கோமாவுக்குக் காரணம் என்ன? அது ஸ்கேனில் தெரிகிறதா?

நம் ஊரில் கட்டுவிரியன் கடியை மறக்கவே கூடாது. தரையில் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி, இமை சரிவு, பிறகு முழு வாதம். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது, இருமல் இல்லை, மூச்சும் இல்லை. படுக்கையில் பார்த்தால் மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனால் மூளை நன்றாக இருக்கிறது, சில நாள் வென்டிலேட்டரில் வைத்தால் எழுந்து வருவார். சிடி நார்மலாக இருந்து காரணமும் புரியவில்லை என்றால் டெஸ்ட்டைத் தொடங்கவே கூடாது.

வெக்குரோனியம் (தசையைத் தளர்த்தும் ரிலாக்ஸன்ட்), மிடசோலம், ஃபீனோபார்பிடோன் (மயக்கம் தரும் மருந்துகள்) ஓடியிருந்தால் 5 அரை-ஆயுள் (மருந்து உடலில் பாதியாகக் குறையும் நேரம்) காத்திருங்கள். கிட்னி, லிவர் கெட்டிருந்தால் இன்னும் அதிகம். நரம்புத் தூண்டியால் ட்ரெய்ன்-ஆஃப்-ஃபோர் (நான்கு தூண்டலுக்குத் தசை துடிக்கிறதா என்று) பாருங்கள். மாரடைப்பில் இதயம் நின்று மீண்டவருக்கு 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது 2023 அமெரிக்க வழிகாட்டி.

பயிற்சிக்கு மேனிகினை (பயிற்சிப் பொம்மை) வைக்கும்போது மருந்தால் மூளைச்சாவு மாதிரித் தெரியும் கேஸ் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள். மருந்துச் சீட்டில் ரிலாக்ஸன்ட் இருப்பதைக் கவனித்து, ‘இப்போது டெஸ்ட் வேண்டாம்’ என்று மாணவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி டாக்டர்ஸ். இரண்டு டெஸ்ட்டுக்கு இடையே 6 மணி நேரம் என்பது தெரியும். நடுவில் கை அசைந்தால் உறவினரிடம் என்ன சொல்வது?

பதில் – நியூரோ ஐசியூ

தண்டுவடம் உயிரோடு இருப்பதால் வரும் அசைவு அது. கால் மடங்கும், விரல் துடிக்கும். கழுத்தை மடக்கும்போது இரு கையும் நெஞ்சுக்கு உயர்வதும் உண்டு. மூளைச்சாவை அது மாற்றாது. ஆனால் தண்டுவட அசைவுதானா என்று சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உறவினரிடம் இதை முதல் டெஸ்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அசைவைப் பார்த்த பிறகு சொன்னால் சமாளிக்கிறோம் என்றுதான் அவர்களுக்குப் படும்.