லுகேமியா செல்லில் சீஹார்ஸ் அளவீடு: எஃப்சிசிபி ஏன் எடுபடவில்லை?

கேள்வி: எச்எல்-60 செல்கள் (லுகேமியா என்னும் ரத்தப் புற்றின் ஆய்வகச் செல் வகை), 96 குழித் தட்டு, சீஹார்ஸ் (செல்லின் ஆக்சிஜன் நுகர்வையும் அமில வெளியேற்றத்தையும் அளக்கும் கருவி). ஒரே மாதிரியின் குழிகளுக்குள்ளேயே ஆக்சிஜன் நுகர்வு ஏறி இறங்குகிறது. எஃப்சிசிபி (செல்லின் சுவாசத்தை உச்சத்துக்குத் தள்ளும் வேதிப்பொருள்) போட்டாலும் உயரவில்லை. எங்கே பிசகு?

பதில் 1: மிதக்கும் செல்கள், கருவி கலக்கும்போதே கிளம்பிவிடும். குழியை செல்-டாக் பூசித் தயார்செய்யுங்கள் (கடல் மட்டி ஒட்டிக்கொள்ளச் சுரக்கும் அதே புரதம்). குழிக்கு 50 மைக்ரோலிட்டரில் ஒரு லட்சம் செல். தட்டை மையவிலக்கியில் 200 ஜி விசையில் 1 நிமிடம் சுழற்றுங்கள், பிரேக் இல்லாமல். பிரேக் போட்டால் செல்கள் ஓரத்தில் பிறைபோல் குவியும். நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும். மீதி ஊடகத்தைச் சுவரோரமாக மெல்ல விடுங்கள்.

பதில் 2: எஃப்சிசிபிக்கு 0.25 முதல் 2 மைக்ரோமோலார் வரை தனித்தனியாகப் பாருங்கள். கூடினால் சுவாசமே படுத்துவிடும். ஊடகத்தில் சீரம் இருந்தால் ஆல்புமின் அதைப் பிடித்துக்கொள்ளும். சில புற்றுச்செல்களில் முன்னால் போடும் ஒலிகோமைசினே (செல்லின் ஏடிபி, அதாவது ஆற்றல் மூலக்கூறு, தயாரிப்பைத் தடுக்கும் பொருள்) உச்சத்தை அமுக்கிவிடும். அது இல்லாமல் சில குழிகள் கட்டாயம் வையுங்கள்.

பதில் 3: அடுத்து நோயாளி ரத்தத்துக்குப் போவதானால், தட்டணுக்களை மெதுவான சுழற்சியில் கழுவி நீக்குங்கள். அவற்றுக்கும் மைட்டோகாண்ட்ரியா (ஆக்சிஜனை நுகரும் செல் உறுப்பு) உண்டு, கணக்கைக் கெடுக்கும். சிவப்பணுவுக்கு அது கிடையாது. ஆனால் குளுக்கோஸை லாக்டேட்டாக்கி அமில அளவை ஏற்றிவிடும்.