ஊர் சுற்றி வந்தும் எழுத வரவில்லை, என்ன செய்யலாம்?

மழைத்தூறல்:
சிறுகதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக ஒன்றும் ஓடவில்லை. எங்கேயாவது போய் வா, கதை தானாக வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போய்த்தான் வருகிறேன். பார்க்கும்போது மனசு நிறைந்துதான் இருக்கிறது, ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால் கைபேசி நிறையப் படங்கள் இருக்கின்றன, எழுத ஒரு வரி இல்லை. பயணத்தில் அமைதியாக உட்கார்ந்து கவனிக்கிற பழக்கம் உள்ளவர்கள் எதைக் குறித்துக்கொள்கிறீர்கள்? ஓவியம், இசை பக்கம் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

நடைவண்டி:
முதலில் படமெடுப்பதைக் குறையுங்கள். லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் மாணவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார். சும்மா பார்த்த பொருள்களைவிட, முழுதாகப் படமெடுத்த பொருள்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. எதை நெருங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்வதில்தான் விஷயமே இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

குறிப்பு எழுதும்போதும் அப்படித்தான். ஒரு பேருந்து நிலையத்தில் பெரியவர் ஒருவர் டிக்கெட்டை நாலாக மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டார், அப்புறம் ஒவ்வொரு வண்டி வரும்போதும் அது இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். ‘பதற்றமாக இருந்தார்’ என்று குறித்திருந்தால் எனக்கு இன்று அவர் நினைவிலேயே இருக்க மாட்டார். அந்த விரலைக் குறித்துவைத்தேன், பிறகு அதிலிருந்து ஒரு முழுக் கதை வந்தது.

நீலமை:
நான் ஓவியம் வரைகிறவள். நிறைய இடம் பார்ப்பதுதான் உங்களுக்குத் தடை என்று தோன்றுகிறது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1892இலும் 1893இலும் ரூவான் நகரத் தேவாலயத்தின் எதிரே அறை பிடித்து உட்கார்ந்து, அந்த ஒரே முகப்பை வெளிச்சம் மாற மாறத் ஓவியத் துணியை (கேன்வாஸ்) மாற்றி மாற்றி வரைந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்! நீங்களும் ஒரு படித்துறையையோ ரயில் மேடையையோ பிடித்துக்கொண்டு விடிகாலை, உச்சி வெயில், அந்தி என்று அங்கேயே போங்கள். முதல் தடவை கண்ணில் படுவது எல்லோருக்கும் படுவதுதான்.

குறுகிய பயணம் வீண் என்று சொல்லவில்லை. ஓவியர் பால் கிளே 1914 ஏப்ரலில் துனிசியாவில் இருந்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அங்கே நாட்குறிப்பில் எழுதினார். ஆனால் அதற்கு முன் பல வருடம் கோட்டோடும் நிறத்தோடும் மல்லுக்கட்டிய மனிதர் அவர், அந்தத் தேடலோடுதான் கிளம்பினார். நீங்களும் முடியாமல் நிற்கிற ஒரு கதையை மனசில் வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.

மழைத்தூறல்:
இருவருக்கும் நன்றி. பாதியில் நிற்கிற கதை ஒன்று இருக்கிறது, அதோடு போகிறேன். ஒரே சந்தேகம், ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

நடைவண்டி:
கண்டிப்பாக இருக்கும். அதனால் முகத்தைப் பார்க்காமல் கையையும் நடையையும் கவனியுங்கள், பாதி வேலையைக் காதுக்கு விட்டுவிடுங்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் நோட்டை மூடிவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். எழுதும்போது ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள், அதில் மட்டும் சமரசம் வேண்டாம்.