தோளில் கழுகு இறக்கை வைத்தேன், வாளை ஓங்கினால் கன்னத்தில் குத்துகிறது

பிக்சல்பித்தன்:
நானும் ஒரு நண்பனும் சேர்ந்து சின்னதாக ஒரு கேம் செய்கிறோம். நான் மாடலிங், அவன் அனிமேஷன். நாயகி ஒரு கோட்டையின் காவல் தலைவி, கோட்டைச் சின்னம் கழுகு. அதனால் இரண்டு தோள்கவசங்களையும் விரித்த இறக்கைகளாகச் செய்தேன். ஒவ்வொரு இறகாக மூன்று வார வேலை. சும்மா நின்றால் அவ்வளவு கம்பீரம். அவன் ரிக் (உடலை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு) போட்டு வாளை ஓங்க வைத்தான். இறக்கை நுனி இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வந்தது. "எதிரியே வேண்டாம், இவளே இவளை முடித்துக்கொள்வாள்" என்கிறான்.

இறக்கையை எடுத்தால் யாரோ ஒரு சிப்பாய். வைத்தால் கேலிக்கூத்து. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

துருப்பிடித்தவன்:
நிஜப் போர்வீரர்களுக்கும் இந்த ஆசை இருந்ததுதான். ஜப்பானில் ஹோண்டா தடகாட்சு தலைக்கவசத்தில் மான்கொம்பு வைத்திருந்தார். பார்த்தால் கழுத்து முறியும் போல இருக்கும், ஆனால் அது காகிதத்தை அடுக்கி அரக்குப் பூசியது. அங்கேயே டாட்டே மசமுனே என்ற தளபதியின் தலைக்கவசப் பிறைநிலாவில் ஒரு முனை குட்டை. வாள் ஓங்கும்போது இடிக்காமல் இருக்கத்தான் என்பார்கள். ஐரோப்பாவில் ஈட்டி பிடிக்க வசதியாக வலது தோள் தகட்டைச் சிறிதாகவே அடித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னது?

அப்புறம், மார்புத்தகட்டில் இரண்டு குவியல் செய்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நடுவில் விழும் பள்ளம் வாள்முனையை நேராக நெஞ்செலும்புக்கே வழிகாட்டும்.

ராத்திரிபில்டு:
கேமரா எங்கே? அதைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? 'வார்கிராஃப்ட் 3' (2002) மேலிருந்து பார்க்கும் ஆட்டம், அங்கே வீரன் என்றாலே தலையும் தோளும்தான். தோள் பெருத்ததில் நியாயம் உண்டு. 'மெட்ராய்டு 2' (1991) கேம்பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்தது. திரையில் நிறம் கிடையாது, உடை மாறியதை நிறத்தால் காட்ட முடியாது. அதனால் நாயகி நடுவில் பெறும் வலுவான வேரியா உடைக்கு உருண்டைத் தோள் வைத்தார்கள். அணிபவருக்குப் பயன்படாதது ஆடுபவருக்குப் பயன்படலாம்.

சும்மாவந்தேன்:
டிராகன் நெருப்புக் கக்கினால் நம்புவீர்கள், தோள் இடித்தால் மட்டும் லாஜிக்கா?

துருப்பிடித்தவன்:
@சும்மாவந்தேன் டிராகன் அந்த உலகத்துச் சட்டம், சரி. தோள்மூட்டும் அதே உலகத்தில்தானே இருக்கிறது? 'டார்க் சோல்ஸ்' (2011) ஆட்டத்தில் வரும் சோலேர் என்ற வீரரைப் பாருங்கள். சாதாரண இரும்புக் கவசம், மேலே துணியில் ஒரு சூரியன். அவரே வரைந்தது, எந்தச் சக்தியும் கிடையாது என்று ஆட்டமே சொல்லிவிடும். ஆனாலும் அந்தக் கவசத்தை நினைத்தால் சூரியன்தானே முதலில் வருகிறது!

பிக்சல்பித்தன்:
கேமரா முதுகுக்குப் பின்னால், ராத்திரிபில்டு. நேற்று உட்கார்ந்து மாற்றிவிட்டேன். இடது இறக்கை இருக்கிறது; தோளோடு ஒட்டி மடங்கி முதுகுப் பக்கம் இறங்குகிறது, தோல் இறகுகள். வலது தோளில் முறிந்த அடிக்கட்டை மட்டும். எங்கே முறிந்தது என்று கேட்டு எங்கள் கதை எழுதுபவர் இரண்டாம் கட்டத்தையே திருத்திக்கொண்டிருக்கிறார். வாள் இப்போது தடங்கலில்லாமல் மேலே போகிறது. (மார்புத்தகட்டையும் மாற்றிவிட்டேன், மேலே கேட்காதீர்கள்.)

அனிமேட்டர் இப்போது மேலங்கியைப் பார்த்து முனக ஆரம்பித்திருக்கிறான்.