புதுப்பிப்பு: ஆர்.எக்ஸ். 100 சூடானதும் தானாக வேகமெடுத்த கோளாறு தீர்ந்தது

சென்ற மாதம் வாங்கிய பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக், பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் இரைகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலரும் சொன்னபடி முதலில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், பலன் இல்லை. மேக்னெட் (மின்சாரம் உண்டாக்கும் சுழல் காந்தம்) பக்கத்து கிராங்க் ஆயில் சீலை, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள் என்ற யோசனைதான் சரியாக இருந்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகவே சிலிண்டருக்குச் செல்வதால், அந்தச் சீல் கெட்டுப்போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் தானாக வேகமெடுக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கும். மேக்னெட்டைப் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டுக் கழற்றிப் பார்த்தபோது, சீலின் ரப்பர் விளிம்பு விறைத்துப்போய், நகம் பட்டதும் உதிர்ந்தது.

எதிர்பாராத ஒன்று: கிளட்ச் பக்கத்துச் சீலும் போயிருந்தது. நிற்காமல் வந்த வெண்புகையை, "டூ-ஸ்ட்ரோக் என்றால் புகை வரத்தான் செய்யும்" என்று விற்றவர் சொன்னதை நம்பியிருந்தேன். கியர் ஆயிலை வடித்து அளந்தபோதுதான், அது அந்தச் சீல் வழியாக எஞ்சினுக்குள் கசிந்து பாதிக்கு மேல் எரிந்துபோனது தெரிந்தது. ஆகவே வண்டி வாங்கப் போகிறவர்கள் புகையோடு கியர் ஆயில் அளவையும் அவசியம் பார்க்க வேண்டும்.

சீல்களைச் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாகவே வாங்கினேன். ரப்பர் பொருளைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. கலவையில் பெட்ரோல் குறைந்ததால் வெளுத்திருந்த ஸ்பார்க் பிளக் முனை இப்போது இளம்பழுப்பாக இருக்கிறது. நேற்று கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது ஐடிலிங் சீராகவே இருந்தது.